வெயில் அடித்தாலும் மலையில் கிளைடர் விழுவது ஏன்?

கேள்வி: கெர்லிங் பக்கம் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். என் மகன் கோலகுபு பாரு மலையில் பாராகிளைடர் பழகக் கிளம்பியிருக்கிறான். வெளிநாட்டில் மலைப்பகுதியில் கிளைடர் விமானம் மோதி, நல்ல அனுபவசாலி ஒருவர் இறந்ததாகச் செய்தியில் படித்தேன். அன்று வானமும் தெளிவாக இருந்ததாம். கோளாறாக இன்ஜினும் கிடையாது. அப்புறம் எப்படி விழுந்தது? மகனைத் தடுப்பதா, விடுவதா?

பதில்: தடுக்கச் சொல்ல மாட்டேன், ஐயா. ஆனால் உங்கள் பயம் நியாயமானது. நீங்கள் படித்த விபத்தின் காரணத்தை விசாரணைதான் சொல்ல வேண்டும். மலை விபத்துகளில் திரும்பத் திரும்ப வரும் காரணங்களை நான் சொல்கிறேன்.

சிலாங்கூர் ஆற்றில் பாறையைச் சுற்றித் தண்ணீர் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பாறையின் முன்பக்கம் நீர் ஏறி வரும். பின்பக்கம் சரிந்து இறங்கிச் சுழிக்கும். மலையைத் தாண்டும் காற்றும் அப்படித்தான். காற்று மோதும் பக்கத்தில் கிளைடர் தூக்கப்படும், மறுபக்கத்தில் அமுக்கப்படும். ஆற்றுச் சுழல் கண்ணுக்குத் தெரியும், காற்றுச் சுழல் தெரியாது. அதனால்தான் தெளிவான வானத்தை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது.

ஒரு கணக்கு பாருங்கள். நல்ல கிளைடர் அசையாத காற்றில் 1 மீட்டர் இறங்குவதற்குள் 40 மீட்டர் முன்னே போகும். 5 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கணவாயைத் தொட 125 மீட்டர் உயரம் செலவாகும். அதே கிளைடர் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், நொடிக்கு 3 மீட்டர் கீழே இறங்கும் காற்றுக்குள் போனால், அதே தூரத்துக்குச் சுமார் 665 மீட்டர் உயரம் போய்விடும். கணவாயை மேலாகத் தாண்டலாம் என்று வந்தவர், அதற்குக் கீழே வந்து நிற்பார். திரும்ப இடமும் இருக்காது.

அந்த நேரத்தில்தான் இரண்டாவது ஆபத்து வருகிறது. மலைச்சரிவு கண்ணை ஏமாற்றும். தொடுவானம் மறைந்து போவதால், விமானத்தின் மூக்கு தூக்கியிருப்பதும் வேகம் குறைவதும் புலப்படாது. பதற்றத்தில் இறுக்கமாகத் திருப்புவார்கள். 45 பாகை சாய்ந்து திரும்பும்போது, விழாமல் பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் 19 விழுக்காடு கூடுகிறது. அந்த வேகம் கைவசம் இல்லாவிட்டால் ஒரு இறக்கை தூக்கும் சக்தியை இழந்து, விமானம் சுழன்று விழும். உயரம் இருந்தால் மீட்டுவிடலாம். சரிவுக்குப் பக்கத்தில் அந்த உயரம் இல்லை. அனுபவசாலிகளும் இப்படிப் போய்விடுகிறார்கள் என்பதுதான் நெஞ்சைப் பிசைகிறது. மலையோரம் எப்போதும் மலைக்கு எதிர்ப்புறமாகத் திரும்பு என்று முதல் பாடத்திலேயே சொல்லித் தருவது இதனால்தான்.

சரி, உங்கள் மகன் விஷயத்துக்கு வருவோம். பாராகிளைடர் துணி இறக்கை. சாதாரணமாக மணிக்கு 35 முதல் 40 கிலோமீட்டர்தான் போகும். காற்று அந்த வேகத்தை நெருங்கினாலே முன்னே நகர முடியாது, மீறினால் பின்னோக்கித் தள்ளி மலைக்குப் பின்னால் கொண்டுபோகும். அங்கே சுழலில் துணி மடங்கிவிடும். தரைக்குப் பக்கத்தில் மடங்கினால் அவசர பாராசூட் விரியவும் நேரமிருக்காது.

நம் மலேசியாவில் இன்னொரு எதிரியும் உண்டு, இடிமேகம். தித்திவங்சா மலைத்தொடர் மேல் காலையில் பஞ்சுபோல் நிற்கும் மேகம், மதியத்துக்குப் பிறகு கறுத்துப் பொங்கும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் இன்னும் மோசம். 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனிலா ஊருக்கு அருகில் எவா விஸ்னியெர்ஸ்கா என்ற வீராங்கனையை இடிமேகம் 9,946 மீட்டர் உயரத்துக்கு உறிஞ்சிக்கொண்டு போனது. மயங்கிய நிலையில் உறைபனிக்குள் பறந்து, எப்படியோ உயிர் தப்பினார். அதே நாளில் மேகத்தில் சிக்கிய சீன வீரர் ஒருவர் இறந்துபோனார். எனவே மேகம் உயரமாக வளர ஆரம்பித்ததுமே தரையில் இருக்க வேண்டும். "இன்னும் ஒரு ரவுண்டு" என்பதற்கு இடமே கிடையாது.

மகனிடம் இதையெல்லாம் கேளுங்கள். காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று ஆசிரியர் பறக்கும் முன் சொல்கிறாரா? காற்று சரியில்லாத நாளில் மாணவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறாரா? அவசர பாராசூட்டைக் கடைசியாகப் பிரித்து மடித்தது எப்போது? இறக்கை ஆரம்பநிலையினருக்கான ஏ வகுப்பா? இரண்டாவது கேள்விக்கு "ஒருநாளும் இல்லை" என்று பதில் வந்தால், நான் என் பிள்ளையை அங்கே அனுப்ப மாட்டேன்.

கடைசியாக, தரையிறங்கும் திடலை எட்ட முடியாமல் போனால் தோட்டத்தில்தான் இறங்க நேரும். மின்கம்பியை விட மரம் எவ்வளவோ மேல். செம்பனை மட்டையின் முள்ளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கால்களைச் சேர்த்து, முகத்தை மறைத்து, மரத்தின் நடுப்பகுதியை நோக்கி இறங்கச் சொல்லுங்கள். தொங்கிக்கொண்டிருந்தால் தானாக இறங்க முயலக் கூடாது. மரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கட்டும், 999க்கு அழைத்தால் பொம்பா (தீயணைப்பு மீட்புப் படை) வரும். பையில் எப்போதும் உறுதியான நூல்சுருள் ஒன்று இருக்கட்டும். அதைக் கீழே விட்டால், கீழே நிற்பவர் அதில் கயிற்றைக் கட்டிவிடுவார், இவன் மேலே இழுத்துக்கொள்ளலாம்.