வீட்டைச் சுற்றி இருக்கிற விலங்குகள்: கேட்டவர்களுக்குப் பதில்

பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவை. முப்பது வருடம் சின்ன வகுப்புகளுக்கு அறிவியல் எடுத்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

டீச்சர், என் மகளுக்கு நாலு வயது. படத்தைப் பார்த்து ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை எல்லாம் சொல்கிறாள். அடுத்து என்ன?

சுவரில் இருக்கிற பல்லிதான். ராத்திரி ஜன்னல் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் பல்லி ஒட்டியிருக்கும்போது விளக்கைப் போட்டு, உள்ளே நின்று அதன் பாதத்தைக் காட்டுங்கள். விரலுக்கடியில் படிப்படியாக மடிப்புகள் தெரியும். அவற்றில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய முடிகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அவை கண்ணாடியை மிக நெருக்கமாகத் தொடுவதால்தான் அந்தப் பிடிப்பு. பசையெல்லாம் கிடையாது. கொஞ்சம் காத்திருந்தால் நாக்கை நீட்டித் தன் கண்ணையே துடைத்துக்கொள்ளும். அதற்கு மூடித் திறக்கும் இமை இல்லை. புத்தகத்து வரிக்குதிரை இதையெல்லாம் செய்து காட்டாது.

அறுந்த வால் ஏன் துடிக்குது மிஸ்? அதுக்கு உயிர் இருக்கா? (இரண்டாம் வகுப்பு)

நல்ல கேள்வி கண்ணா. வாலுக்குள் இருக்கும் நரம்புகள் கொஞ்ச நேரம் வேலை செய்துகொண்டிருக்கும், அதனால்தான் துடிப்பு. பூனை அந்தத் துடிப்பையே பார்த்துக்கொண்டிருக்கும், பல்லி தப்பித்துவிடும். வால் எலும்பிலேயே முறிவதற்கென்று இடங்கள் உண்டு. புதிதாக முளைக்கும் வாலில் எலும்பு இருக்காது, குருத்தெலும்புதான். நிறமும் தோலும் பழைய வால் மாதிரி இருக்காது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பல்லி இருக்கிறதா என்று தேடிப் பார். ஆனால் வேண்டுமென்றே வாலை அறுக்காதே. சேர்த்து வைத்த கொழுப்பு அதில்தான் இருக்கிறது.

சிலந்தி பூச்சிதானே?

இல்லை. எட்டுக்கால் பூச்சி என்கிறோம். எட்டுக்கால் சரி, பூச்சி தப்பு. பூச்சிக்கு ஆறு கால்தான். சிலந்தி தேளுக்குச் சொந்தம்.

வௌவால் பறக்குதே, அது பறவையா? (எட்டு வயது)

இறகு இருக்கா பார். இருக்காது, உடம்பெல்லாம் முடி. வாயில் பல். குட்டி போட்டுப் பால் கொடுக்கும். அதனால் நம்மைப் போலப் பாலூட்டி. இப்போது உன் கையை விரி. விரல்களெல்லாம் உன் உயரத்துக்கு நீண்டு, நடுவில் மெல்லிய தோல் இருப்பதாக நினைத்துக்கொள். அதுதான் வௌவாலின் இறக்கை.

தாத்தா வீட்டு மாடு எதுவும் தின்னாத நேரத்திலும் மெல்லுகிறதாம். பேரன் கேட்கிறான், என்ன சொல்ல?

அசைபோடுகிறது ஐயா. மாட்டின் வயிற்றில் நாலு அறைகள். புல்லை முதலில் அவசரமாக விழுங்கி, படுத்திருக்கும்போது திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து நிதானமாக மெல்லும். பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மென்றது இறங்கும், சற்று நேரத்தில் அடுத்த உருண்டை மேலே ஏறுவது தோலுக்கு மேலேயே தெரியும். அப்புறம் மாடு வாயைத் திறக்கும்போது மேல்தாடையின் முன்பக்கத்தையும் காட்டுங்கள். அங்கே பல் இருக்காது! புல்லை நாக்கால் வளைத்து இழுத்துத்தான் மேய்கிறது. ஆடும் அசைபோடும், குதிரை போடாது.

கூவுவது பெண்குயில்தானே அக்கா?

"குக்கூ" என்று கூவுவது ஆண்தான். கன்னங்கரேலென்று, சிவந்த கண்ணோடு இருக்கும். பெண்ணுக்குப் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். குயில் தன் முட்டைக்குக் கூடு கட்டாது, பெரும்பாலும் காக்கைக் கூட்டில்தான் இடும்.

பாம்பு பால் குடிக்குமா?

பால் அதன் உணவே இல்லை. எலி, தவளை தின்னும். கண்டால் விலகி நின்று பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். இதைக் குழந்தையிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

எறும்பு எப்படி வரிசை மாறாமல் போகுது?

முன்னால் போகிற எறும்பு தரையில் வாசனை வைத்துக்கொண்டே போகும், பின்னால் வருவது உணர்கொம்பால் அதை மோந்து வரும். நீயே சோதித்துப் பார் தங்கம். கட்டெறும்பு, சிவப்பெறும்பு வேண்டாம். கடிக்காத சின்னக் கருப்பெறும்பு வரிசையில் சற்று இடைவெளி வரும் இடத்தைப் பார்த்து, ஈரவிரலால் குறுக்கே ஒரு கோடு தேய். வருகிற எறும்புகள் அந்தக் கோட்டருகே நின்று, இப்படியும் அப்படியும் தேடும். திரும்பவும் வரிசை சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணிப் பார்த்து எனக்குச் சொல்.