பரவற்படி 2.4 வருவது ஏன்?

கொழிஞ்சாம்பாறை நண்பரே, மழைக்கணக்கு புரோகிராம்ல பரவற்படி (விடைகள் சராசரியை விட்டு எவ்வளவு சிதறுதுன்னு காட்டுற எண், variance) 2 வரணும், 2.4 வருதேன்னு கேட்டிருந்தீங்க. உங்க புரோகிராம்ல தப்பே இல்லை. காமா பரவலை (பூச்சியத்துக்கு மேலான மதிப்பே தர்ற ஒரு நிகழ்தகவுப் பரவல்; வடிவம் 2, அளவு 1) பத்துத் துண்டாக்கி, ஒரு துண்டை ஒரு தாவலா வச்சு, வீதம் 10-ன்னு (சராசரியா 10 தாவல்) கூட்டுப் பாய்சான், அதாவது தற்செயலான எண்ணிக்கையில வர்ற தாவல்களைக் கூட்டுற முறை, ஓட்டினா, பரவற்படி 2 வராது, 2.4 தான் வரும். தாவல்களோட எண்ணிக்கையும் ஆடுதே! துண்டு 100 ஆனா 2.04. எல்லையில சரியாயிடும், ஆனா ஆமை வேகம்.

மழைக்கணக்குக்கு நானா இருந்தா லெவி அளவையைத்தான் (எந்த அளவுத் தாவல் எந்த வீதத்துல வரும்னு சொல்றது) எடுப்பேன். 0.1-க்குக் கீழே தூறலா வர்ற சின்னத் தாவல்களை வெட்டிடுங்க. மிச்சத்துக்கு வீதம் சுமார் 3.65 போதும். வெட்டினதோட சராசரி 0.19-ஐ மாறிலியா கூட்டிடுங்க. பரவற்படியில குறையுறது 0.01 கூட இல்லை.

நூத்துக்கு 2.6 தடவை ஒரு தாவல் கூட வராம, விடை அச்சா 0.19-லயே நிக்கும். வரைபடத்துல அந்த முள்ளைப் பார்த்து மிரளாதீங்க.