மறக்க முடியாத ஆசிரியர் யார் என்றால், என் அம்மாதான்

"உங்கள் வாழ்க்கையில் மறக்கவே முடியாத ஆசிரியர் யார், ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை எனக்குப் பாடம் நடத்தியவர் என் அம்மா. பெற்றவர் என்பதற்காக அவரைச் சொல்லவில்லை. அவர் பார்த்த வேலை அப்படி.

உசிலம்பட்டிக்குப் பக்கத்தில், செல்லம்பட்டி ஒன்றியத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 1979-ல் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்தார். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். தலைமையாசிரியர் சம்பளப் பட்டியல், மீட்டிங் என்று வெளியே போய்விட்டால் அம்மா ஒருவர்தான். மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எழுதிப் போட்டுவிட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையைப் பிடித்து ‘அ’ எழுத வைத்தபடியே ஐந்தாம் வகுப்பு வாசிப்பதைக் காதில் வாங்கிக்கொள்வார். யாராவது தாவிப் படித்தால் திரும்பிக்கூடப் பார்க்காமல் "மேல் வரிய விட்டுட்டியேடா" என்பார்.

எங்கள் பக்கம் மல்லிகை உண்டு. மொட்டாகவே பறித்து, வெயில் ஏறுவதற்குள் மதுரைப் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பினால்தான் விலை. மாசி, பங்குனியில் பிள்ளைகள் விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கு வரும்போது மணி பத்தைத் தாண்டியிருக்கும், நகத்தில் காம்புப் பச்சை ஒட்டியிருக்கும். நேரம் கழித்து வந்தால் வாசலில் முட்டி போட வைப்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். அம்மா உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பார். "இன்னிக்கு எவ்வளவு பறிச்ச? கிலோவுக்கு என்ன கூலி?" என்று கேட்டு, அதையே கணக்காகப் போடச் சொல்வார். கிராம், கிலோ, பெருக்கல் எல்லாம் எங்களுக்கு அப்படித்தான் வந்தது. நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தன் அம்மாவின் வாரக் கூலி குறைந்திருப்பதைச் சிலேட்டில் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தாள். அந்தச் சிலேட்டோடு தோட்டக்காரரிடம் போய் மீதியை வாங்கியும் வந்துவிட்டாள். அப்புறம் அந்த வீட்டில் அவள் படிப்பை நிறுத்துகிற பேச்சே எழவில்லை.

உசிலம்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்கள் பெண் சிசுக் கொலையைத்தான் சொல்வார்கள். அந்தக் கொடுமை நடந்தது. 1980-களில் பத்திரிகைகளில் வந்து நாடே பேசியது. மறைக்க வேண்டிய விஷயம் இல்லை. அம்மா அதைப் பற்றி மேடையில் பேசியவர் அல்ல. ஊரில் எந்த வீட்டில் பெண் குழந்தை பிறந்தாலும் அன்றைக்கோ மறுநாளோ போய்விடுவார். கையில் ஒரு நோட்டு இருக்கும். "புள்ளைக்குப் பேரு என்னத்தா?" என்று கேட்பார். "இன்னும் வைக்கலையே டீச்சரம்மா" என்பார்கள். "சரி, பொறந்த தேதிய எழுதிக்கிறேன். அஞ்சு வயசுல இந்தப் புள்ள என் வகுப்புல இருக்கணும், இப்பவே இடம் போட்டாச்சு" என்று அவர்கள் கண்ணெதிரே எழுதிக்கொள்வார். பிறகு ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அடிக்கடி அந்தப் பக்கம் போவார். குழந்தையை ஒருத்தர் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார், கணக்கு கேட்பார் என்று அந்த வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் எண்ணம். அந்த நோட்டுகள் இப்போது என்னிடம் இருக்கின்றன. பேர் இல்லாமல் வெறும் தேதியும் தெருவும் உள்ள வரிகளுக்குப் பக்கத்தில், ஐந்து வருடம் கழித்து வேறு மையில் பேர் எழுதியிருக்கிறார்.

இன்னொரு கவலை ஆறாம் வகுப்பு. எங்கள் பள்ளி ஐந்தோடு சரி. மேலே படிக்க டவுன் பஸ் ஏற வேண்டும். பல பிள்ளைகளின் படிப்பு அந்த இடத்தில்தான் நிற்கும். எங்கள் வட்டாரத்து ஆட்கள் வடக்கே பல ஊர்களில் முறுக்குக் கம்பெனி வைத்திருக்கிறார்கள். பையன்களை வேலைக்குக் கூட்டிப் போக வீட்டில் முன்பணம் கொடுத்துவிடுவார்கள். ஒருமுறை நன்றாகப் படிக்கிற பையனுக்கு அப்படி ஆகிவிட்டது. அவன் அப்பா எங்கள் வீட்டுத் திண்ணையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். "பணம் வாங்கிட்டேன் டீச்சரம்மா, இனி என்ன செய்ய?" என்றார். அம்மா தன் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். "மொதல்ல திருப்பிக் குடுத்துட்டு வாங்கண்ணே. எனக்கு நீங்க மெதுவாக் குடுங்க" என்றார். அந்தச் சீட்டு என் தங்கைக்குத் தோடு வாங்கக் கட்டியது. தங்கைக்குத் தோடு அடுத்த வருடம்தான் வந்தது.

சாதிச் சான்றிதழுக்காக மே மாத விடுமுறையிலேயே தாலுகா ஆபீசுக்கு நடப்பார். ஜூனில் ஐந்து முடித்த பிள்ளைகளைத் தானே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு வருவார். டி.சி.யை வீட்டாரிடம் கொடுத்தால் பரணுக்குப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

வீட்டில் எப்படி இருந்தார் என்று கேட்பீர்கள். அப்பா பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தில் டிரைவர், பாதி இரவுகள் வெளியூர். அம்மா நாலரைக்கு எழுந்து சோறு வடித்து, எங்களுக்குத் தலை பின்னி, தானும் கிளம்பி வருவார். ராத்திரி பாடக்குறிப்பு எழுதும்போது நாங்கள் இரண்டு பக்கமும் சாய்ந்துகொள்வோம். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கத்தில் எழுத்து அட்டை செய்து தருவது எங்கள் வேலை. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்திருந்ததால் அட்டையில் புது ‘லை’ எழுதுவார். தாத்தாவுக்குப் போடும் கடிதத்தில் மட்டும் கடைசிவரை துதிக்கை போட்ட பழைய ‘லை’தான்.

2007-ல் செயல்வழிக் கற்றல் வந்தது. பல வகுப்புப் பிள்ளைகளைத் தரையில் ஒன்றாக உட்கார வைத்து, அட்டைகளைக் கொண்டு அவரவர் வேகத்தில் படிக்க வைக்கிற முறை அது. அப்போது கூட வேலை பார்த்தவர்கள் சிலர் தரையில் உட்கார வேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொண்டார்கள். மூட்டுவலியோடு அம்மா சந்தோஷமாக உட்கார்ந்தார். பல வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக வைத்து நடத்துவது அவருக்கு என்றைக்கும் உள்ள வேலைதானே. 2013-ல் ஓய்வு பெற்ற பிறகும் ஜூன் மாதம் வந்தால் விண்ணப்பம் எழுதித் தர வீட்டில் கூட்டம் இருக்கும்.

போன தை மாதம் தவறிவிட்டார். எங்கள் பக்கம் துக்க வீட்டில் அடுப்பு எரியாது, சம்பந்தகாரர்கள்தான் சோறு கொண்டுவருவார்கள். அன்று அவர்கள் வந்து சேருமுன்பே அம்மாவிடம் படித்த பெண்கள் அண்டா நிறையச் சோறும் சாம்பாரும் பொங்கிக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். அது வழக்கம் இல்லையே என்று உறவில் பெரியவர் ஒருவர் சொன்னார். "நாங்களும் டீச்சருக்குப் புள்ளைகதான் பெரியப்பா, நீங்க உக்காருங்க" என்று அவருக்கே முதல் இலையைப் போட்டார்கள்.