மிஸ்டரி பாக்ஸ் ஏமாற்றம்: கிடங்கில் வேலை பார்த்தவரிடம் சில கேள்விகள்

இணையக் கடைகளுக்குத் திரும்பி வரும் பொருள்களைத் தரம் பிரிக்கும் கிடங்கில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமலே விற்கும் பெட்டிதான் மிஸ்டரி பாக்ஸ். அதை வாங்கி மனம் நொந்தவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த அளவில் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பெட்டியின் விலையைப் போல மூன்று மடங்கு மதிப்புள்ள பொருள்கள் உறுதி என்று விளம்பரம் செய்திருந்தார்கள். எனக்கு வந்தவை இரண்டு ஃபோன் உறைகள், திருகாணி இல்லாத ஒரு சுவர்க்கொக்கி, ஒரு பிளாஸ்டிக் கைக்கடிகாரம். இது பொய் விளம்பரம் இல்லையா?

பொய் என்று நிரூபிப்பது நீங்கள் நினைப்பதைவிடக் கடினம். "மதிப்பு" என்று அவர்கள் சொல்வது, பொருள் முதன்முதலில் விற்பனைக்கு வந்த நாளில் அச்சிட்ட விலையை. அந்த உறை எந்த ஃபோனுக்கு உரியது என்று பாருங்கள். பெரும்பாலும் இப்போது யாரும் வைத்திருக்காத மாடலாக இருக்கும். ஆனாலும் பின்பக்கத்து ஸ்டிக்கரில் பழைய விலை அப்படியேதான் இருக்கிறது. அந்த ஸ்டிக்கர்களைக் கூட்டினால் மூன்று மடங்கு வந்துவிடும். நாளைக்கே விற்கப் போனால் கால் பங்குகூடத் தேறாது.

கேள்வி: திரும்பி வந்த பொருள்களில் நல்லவையும் இருக்குமே ஐயா, அவை ஏன் எங்கள் பெட்டிக்கு வருவதில்லை?

வராததற்குக் காரணம் அதிர்ஷ்டக் குறைவு அல்ல. நல்லவற்றை முன்பே பிரித்தெடுக்கவென்றே ஆட்களை வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள், அவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். முத்திரை பிரியாத பொருள் நேராக அலமாரிக்குத் திரும்பிவிடும். பிரித்திருந்தாலும் வேலை செய்கிற பொருளைத் துடைத்து, சோதித்து, சற்றுக் குறைந்த விலையில் தனியாக விற்பார்கள். விலையுயர்ந்த பொருள் பழுதாகியிருந்தால் உதிரிபாகத்துக்காக வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. மிஞ்சியதை மொத்தமாக அட்டைப்பெட்டிகளில் அடுக்கி ஏலத்தில் விடும்போது, அதை எடுக்கும் வியாபாரி தன் இடத்தில் கொட்டி இன்னொரு முறை பொறுக்குகிறார். இத்தனை சல்லடைக்கும் பிறகு அடியில் தங்குவதுதான், பளபளக்கும் தாளில் கேள்விக்குறி அச்சிட்ட பெட்டிக்குள் ஏறுகிறது. ஒருமுறை என் மேசைக்கு ஒரு மேசைவிளக்கு வந்தது. சுவிட்சை இரண்டாவது முறை அழுத்தினால்தான் எரியும். அதைக்கூட "விற்கலாம்" என்ற கூடையில்தான் போட்டேன்.

விற்பவருக்குச் சரக்கின் தரம் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல் போனால் சந்தையில் மட்டமான சரக்கே மிஞ்சும் என்று பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல், பழைய கார் விற்பனையை எடுத்துக்காட்டாக வைத்து விளக்கினார். மிஸ்டரி பாக்ஸில் அந்தத் தெரியாமையே விற்பனைப் பொருளாகிவிட்டது. மர்மம் உங்களுக்கு மட்டும்தான். அடைத்தவருக்கு உள்ளே இருப்பது தெரியும்.

கேள்வி: பெட்டி பிரித்துக் காட்டும் வீடியோக்களில் மட்டும் லேப்டாப் வருகிறதே?

கடை இலவசமாக அனுப்பிய பெட்டியாக இருக்கலாம், அல்லது பத்துப் பெட்டி பிரித்து ஒன்றை மட்டும் காட்டியிருக்கலாம். பிரிப்பதற்கு முன் ஒட்டுத்தாளில் உள்ள எடையைக் காட்டுகிறார்களா என்று கவனியுங்கள். அரைக் கிலோ பெட்டிக்குள் லேப்டாப் அடங்காது.

கேள்வி: நூறு பெட்டிக்கு ஒன்றில் ஃபோன் உண்டு என்கிறார்கள். நண்பர்கள் சேர்ந்து நூறு வாங்கினால் ஒன்று நிச்சயம்தானே?

நிச்சயம் இல்லை. ஒன்றில் ஃபோன் வைத்து அடைத்த அந்தக் குறிப்பிட்ட நூறு பெட்டிகளையும் நீங்களே எடுத்தால் சரி. ஒவ்வொரு பெட்டிக்கும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான் கணக்கு என்றால், நூறு வாங்கியும் ஒன்றுகூடக் கிடைக்காமல் போக ஏறத்தாழ 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. கிடைத்தாலும், நூறு பெட்டிக்குக் கொடுத்த பணத்தில் அந்த ஃபோனைக் கடையில் நேராக வாங்கியிருக்க முடியுமா என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: இரண்டு முறை ஏமாந்தும் மூன்றாவதற்குக் கை துறுதுறுக்கிறது. எனக்கு என்ன ஆயிற்று?

வெட்கப்பட ஒன்றும் இல்லை. உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில், எத்தனையாவது கொத்துக்குத் தீனி விழும் என்று தெரியாத புறாக்களே விடாமல் கொத்தின. தீனியை நிறுத்திய பிறகும் அவை எளிதில் ஓயவில்லை. சூதாட்ட இயந்திரங்களின் பிடியும் இதே வகைதான். கட்டண அட்டையின் விவரத்தை, பெட்டி வாங்கும் செயலியிலிருந்து நீக்கிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் பதினாறு எண்களைத் தட்ட வேண்டியிருந்தால் பாதி ஆசை அதற்குள் தணிந்துவிடும். எனக்கு அப்படித்தான் தணிந்தது.

கேள்வி: பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா?

"பிடிக்கவில்லை" என்று எழுதினால் பெரும்பாலும் கதவு மூடிவிடும். விற்பனைப் பக்கத்தில் தந்த வாக்குக்கும் வந்த பொருளுக்கும் உள்ள முரணைப் பிடியுங்கள்: ஐந்து பொருள் என்று சொல்லி மூன்று வந்தது, புதியது என்று சொல்லிப் பயன்படுத்தியது வந்தது, வேலை செய்யும் என்று சொன்னது செய்யவில்லை. அந்தப் பக்கம் மாறுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது ஒட்டுத்தாளில் தொடங்கி இடையில் வெட்டு விழாத வீடியோ எடுங்கள். கடை மறுத்தால், அட்டையில் பணம் கட்டியவர்கள் வங்கியிடம் பரிவர்த்தனையை எதிர்த்து முறையிடலாம்; அதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். உங்கள் பெட்டிக்குப் பெரிய பரிசு விழுந்திருக்கிறது, அனுப்பும் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று யாராவது அழைத்தால், அது அப்பட்டமான மோசடி.

கேள்வி: வந்த பெட்டியில் பெயர் தெரியாத நிறுவனத்தின் பவர் பேங்க் ஒன்றும், பழைய ஃபோன் ஒன்றும் இருக்கின்றன. பயன்படுத்தலாமா?

ஃபோனில் நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, மறுபடி சதுரக் குறி என்று அழுத்தினால் அந்த ஃபோனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ தெரியும். அது திருட்டுப்போனதாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே சிம் கார்டு போடுங்கள். பவர் பேங்கை மேசையில் தட்டையாக வைத்து விரலால் ஓர் ஓரத்தை அழுத்துங்கள். ஆடினால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். சார்ஜ் போட்டுப் பார்க்காமல், குப்பைக்கூடையிலும் எறியாமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.