சிங்கப்பூரிலிருந்து குரூஸில் போகும்போது ஸ்நோர்க்கெலிங்கை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: கணவர், 9 வயது மகன், ஊரிலிருந்து வரும் 64 வயது அம்மா ஆகியோருடன் பினாங்கு, ஃபுக்கெட் போகும் 4 இரவு குரூஸ் எடுக்க நினைக்கிறோம். பள்ளி விடுமுறையில் ஜூன் நல்லதா, டிசம்பர் நல்லதா? ஸ்நோர்க்கெலிங்குக்கு (மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் போட்டு, நீரில் முகம் வைத்து மீன், பவளம் பார்ப்பது) கப்பலிலேயே டூர் வாங்க வேண்டுமா, வெளியே புக் செய்யலாமா?

பதில்:

டிசம்பர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஃபுக்கெட்டின் மேற்குக் கரை அந்தமான் கடலைப் பார்த்து இருக்கிறது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக அங்கேதான் வந்து மோதும். பாத்தோங் கடற்கரையில் சிவப்புக் கொடி பறக்கும், மணல் கலங்கிக் கடல் பழுப்பாக இருக்கும். ஃபுக்கெட்டுக்கு வடமேற்கே உள்ள சிமிலான் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியே வைக்கிறார்கள். டிசம்பரில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். சிங்கப்பூரில் நாம் குடையோடு அலைவோம், அங்கே கடல் குளம் போல இருக்கும். மலேசியாவின் கிழக்குக் கரையில் இது அப்படியே தலைகீழ். தியோமான், ரெடாங் பக்கம் போவதானால் ஜூன்தான் சரி. அண்டை வீட்டுக்காரர் ஜூனில் தியோமான் போய்வந்து சொன்னதை நம்பி ஜூனில் ஃபுக்கெட் புக் செய்தவர்களை எனக்குத் தெரியும். பாவம், மூன்று நாளும் கப்பலின் நீச்சல் குளத்திலேயே கழிந்தது.

அடுத்தது உங்கள் முக்கியக் கேள்வி. கப்பல் டூரா, வெளி டூரா என்று முடிவு செய்வதற்கு முன், ஒரு காகிதம் எடுத்து நேரக் கணக்கு போடுங்கள். நான் இதுவரை நான்கு குரூஸ் போயிருக்கிறேன். முதல் தடவை இந்தக் கணக்கைப் போடாமல் போய் நன்றாகப் பட்டேன்.

கப்பல் ஃபுக்கெட்டில் காலை 9 முதல் மாலை 6 வரை நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்க்க ஒன்பது மணி நேரம். ஆனால் பெரிய கப்பல் பாத்தோங்கில் கரைக்கு வராது. நடுக்கடலில் நங்கூரம் போடும். டெண்டர் என்கிற சின்னப் படகில் ஏறித்தான் கரைக்குப் போக வேண்டும். அதற்கு வரிசை, டோக்கன் என்று ஒரு மணி நேரம் போய்விடும். திரும்பும்போது கடைசி டெண்டர், கப்பல் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்பிவிடலாம். மிச்சம் ஏழு. பீபீ தீவுக்குப் போவதானால் பாத்தோங்கிலிருந்து வேனில் கிழக்குக் கரைக்குப் போய், அங்கே ஆட்கள் சேரும்வரை காத்திருந்து, ஸ்பீட் போட்டில் இன்னொரு மணி நேரம். திரும்பவும் அதே. இடையில் சாப்பாடு வேறு. கடைசியில் மகன் தண்ணீரில் முகம் வைத்துப் பார்க்கும் நேரம் ஒரு மணி, மிஞ்சினால் ஒன்றரை மணி.

அதனால் உங்கள் குடும்பத்துக்குப் பீபீ வேண்டாம் என்பேன். 'தி பீச்' என்ற ஹாலிவுட் படத்தால் புகழ்பெற்ற மாயா விரிகுடாவைப் பார்க்கத்தான் பலர் அங்கே ஓடுகிறார்கள். பவளம் அழிந்துபோனதால் அதை 2018 ஜூனில் மூடி, 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தார்கள். இப்போதும் அங்கே நீந்த முடியாது, காலை நனைக்கலாம், அவ்வளவுதான். மீன் பார்க்க ஆசைப்படும் ஒன்பது வயதுப் பையனைப் போகவர இரண்டு மணி நேரம் அலையில் குலுக்கிக் கூட்டிப்போய் மணலில் நிறுத்துவதில் என்ன இருக்கிறது?

கோரல் ஐலண்ட் என்று எல்லோரும் சொல்லும் கோ ஹே தீவு போதும். சலோங் படகுத்துறையிலிருந்து ஸ்பீட் போட்டில் 15, 20 நிமிடம். பாத்தோங்கிலிருந்து சலோங் வரை வேனில் அரை மணி. கணக்கைப் பாருங்கள், தண்ணீருக்கு மூன்று மணி நேரம் கிடைக்கிறது. பவளம் பீபீ அளவுக்கு வண்ணமாக இருக்காது என்பது உண்மை. ஆனால் கரையிலிருந்து நடந்தே இறங்கலாம், மீன் கூட்டம் இடுப்பளவு ஆழத்துக்கே வரும். முதல் தடவை பழகுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பினாங்கில் ஸ்நோர்க்கெலிங் தேடவே வேண்டாம். ஜார்ஜ் டவுனை ஒட்டிய கடல் கலங்கல். கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நேராகக் கரையோடு அணைந்து நிற்கும், இறங்கி நடந்தே லிட்டில் இந்தியா போய்விடலாம். 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில் அங்கேதான். அன்றைய நாளை அம்மாவுக்கு விட்டுவிடுங்கள். லங்காவியில் நிற்கும் கப்பல் உங்களுக்குக் கிடைத்தால் அதை யோசிக்கலாம். தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் புலாவ் பாயார் கடல் பூங்கா இருக்கிறது. கரையோர ஆழமற்ற நீரில் கருந்துடுப்புக் குட்டிச் சுறாக்கள் காலைச் சுற்றி வரும். என் மகள் இன்றைக்கும் அதைப் பற்றியே பேசுவாள்.

இனி, யாரிடம் புக் செய்வது. கப்பல் டூர் கொஞ்சம் விலை கூடத்தான். ஆனால் அந்த டூர் படகு தாமதமானால் கப்பல் காத்திருக்கும். அலை காரணமாகக் கப்பல் அந்தத் துறைக்கே போகாவிட்டால் பணம் திரும்பி வரும். வெளியே எடுத்தால் இரண்டும் உறுதி இல்லை. என் வழி இதுதான்: ஒரு மணி நேரத்துக்கு மேல் படகுப் பயணம் என்றால் கப்பல் டூர் மட்டும், பக்கத்துத் தீவு என்றால் வெளியே. வெளியே எடுக்கும்போது கேட்க வேண்டியது இரண்டு: துறையை ரத்து செய்தால் பணம் வருமா, நம் குடும்பத்துக்கு மட்டும் தனிப்படகு கிடைக்குமா. நாலு பேர் என்றால் தனிப்படகு பலசமயம் கட்டுப்படியாகும், அம்மாவுக்கு முடியவில்லை என்றால் உடனே திரும்பவும் முடியும்.

முதல் குரூஸில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். கரையில் கால் வைத்ததும் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது. கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. போனில் மணி மூன்றரை. கடைசி டெண்டருக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது என்று நிதானமாக இளநீர் குடித்துக்கொண்டிருந்தோம். கப்பலில் அப்போது நாலரை. பக்கத்து மேசையில் இருந்த மலாய்க் குடும்பம் எழுந்து ஓடுவதைப் பார்த்துத்தான் உறைத்தது. மகளைத் தூக்கிக்கொண்டு மணலில் ஓடினோம், அவள் பயந்து அழுதாள். கடைசிப் படகில் கயிற்றை அவிழ்க்கும் நேரத்தில் ஏறினோம். இன்றும் அந்த ஓட்டம் கனவில் வருகிறது. ஒரு பழைய கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். கப்பல் நேரம் எது என்பது தினமும் அறைக்கு வரும் நிகழ்ச்சி நிரலில் இருக்கும்.

மாஸ்க்கை இங்கேயே வாங்குங்கள். வாடகை மாஸ்க் முகத்துக்குப் பொருந்தாமல் பாதி நேரம் அதோடு மல்லுக்கட்டவே போய்விடும். பட்டையைப் போடாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுத்துப் பாருங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் அளவு சரி. உங்கள் கணவருக்கு மீசை இருந்தால், அந்த வழியாகத் தண்ணீர் கசியும். என் கணவர் மீசையின் மேல்வரியைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்ட பிறகுதான் கசிவு நின்றது. நெற்றியில் முடி உள்ளே சிக்கினாலும் அதே கதை. புது மாஸ்க் கண்ணாடியில் பனி படியும், உள்பக்கம் பற்பசை தேய்த்து நன்றாகக் கழுவுங்கள்; கடலில் இறங்கும் முன் ஒரு சொட்டு பேபி ஷாம்பு தடவி அலசினால் போதும். கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பவர் உள்ள மாஸ்க்கும் கடையில் கிடைக்கிறது.

மகனுக்குச் சிறுவர் அளவுக் குழாய்தான் வாங்க வேண்டும். பெரியவர்களின் குழாய் நீளமும் அகலமும் கூட. பிள்ளை விடும் மூச்சு முழுதாக வெளியே போகாமல் அதையே திரும்ப இழுப்பான், சீக்கிரம் களைத்துவிடுவான். முகம் முழுக்க மூடும் மாஸ்க் குழந்தைகளுக்கு வேண்டாம். தண்ணீர் புகுந்தால் வாயிலிருந்து துப்பிவிட்டு மூச்சு வாங்க முடியாது, மொத்தத்தையும் கழற்ற வேண்டும். போவதற்கு இரண்டு வாரம் முன்பே வீட்டில் பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி முகத்தை வைத்துக் குழாயில் மூச்சு விடப் பழக்குங்கள். என் மகள் அப்படித்தான் பழகினாள். கடலில் இறங்கியபோது அவளுக்குப் புதிதாக இருந்தது மீன் மட்டும்தான்.

நீந்தத் தெரிந்தாலும் எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போடுங்கள். பவளத்தின் மேல் நிற்கக் கூடாது. அது கல் இல்லை, உயிர். ஒரு மிதி பல வருட வளர்ச்சியை உடைத்துவிடும், உங்கள் காலையும் கிழிக்கும். படகுக்காரர் மீனுக்குப் போட ரொட்டி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பாசியை மேய்ந்து பவளத்தைச் சுத்தமாக வைக்க வேண்டிய மீன் ரொட்டிக்குப் பழகி விரலைக் கடிக்கும். சன்ஸ்கிரீனுக்குப் பதில் முழுக்கை நீச்சல் சட்டை மேல். பவளத்துக்குக் கேடான ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் போன்றவை சேர்ந்த சன்ஸ்கிரீன்களைத் தாய்லாந்து தன் கடல் பூங்காக்களில் 2021 முதல் தடைசெய்திருக்கிறது, அபராதம் 1 லட்சம் பாட் வரை போகலாம்.

ஊரிலிருந்து வரும் அம்மாவின் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று டிக்கெட் எடுக்கும் முன் பாருங்கள். தாய்லாந்து, மலேசியா விதிகளையும் அவருடைய பாஸ்போர்ட்டுக்குத் தனியாகப் பாருங்கள், உங்களுக்குள்ள விதி அவருக்குப் பொருந்தாது. பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும்.

அம்மாவைக் கரையில் பை காக்க உட்கார வைத்துவிடாதீர்கள். ரத்த அழுத்தம், இதயம் பற்றி முதலில் டாக்டரிடம் கேளுங்கள். சரி என்றால் இடுப்பளவு நீரில், லைஃப் ஜாக்கெட்டோடு, நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க, மாஸ்க் மட்டும் போட்டுக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள், குழாய்கூட வேண்டாம். மூச்சு வாங்கினால் உடனே கரைக்குத் திரும்புங்கள். என் அம்மா கோ ஹேயில் அப்படித்தான் பார்த்தார். சுடிதாரோடு தண்ணீரில் நின்று, முதல் தடவை முகத்தை எடுத்து "அடியே, மஞ்சளா ஒண்ணு என்னையே பாக்குது" என்றார். அப்புறம் அரை மணி நேரம் கரையேறவே இல்லை. அதனால் மாஸ்க் வாங்கும்போது நாலாகவே வாங்குங்கள்.