வெளிர் நிற நகப்பூச்சு ஏன் கோடு கோடாகத் தெரிகிறது?

கேள்வி: டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறோம். மகளுக்குப் பள்ளி இறுதியாண்டு மாணவர்களுக்கான மெட்ரிக் நடன விருந்து வருகிறது. இளம் ஊதா உடைக்கு அதே நிறத்தில் கியூடெக்ஸ் வாங்கி வீட்டில் போட்டுப் பார்த்தோம். சுண்ணாம்பு அடித்த சுவர் போலக் கோடு கோடாக இருக்கிறது, குமிழியும் வந்துவிட்டது. மகள் மாநிறம். இந்த நிறமே அவளுக்குப் பொருந்தாதா, அல்லது நான் பூசிய விதம் தவறா?

பதில்: நிறத்தை இப்போதே ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் கையையும் குறை சொல்ல மாட்டேன். அழகு நிலையத்தில் பல ஆண்டுகள் வேலை செய்த எனக்கும், மிகுந்த பொறுமையைக் கேட்பது இந்த வெளிர் நிறங்கள்தான். அடர் சிவப்பை அவசரமாகப் பூசினாலும் ஓரளவு ஒப்பேறிவிடும். இளம் ஊதா, புதினாப் பச்சை, பிஸ்தா நிறங்களில் அது நடக்காது.

காரணம் பாட்டிலுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு நிறத்தை வெளிரச் செய்ய அதில் வெள்ளை நிறமியைக் கலக்கிறார்கள். பெரும்பாலும் அது டைட்டானியம் டை ஆக்சைடு. சுவர் பெயின்ட்டுக்கு வெண்மை தருவதும் அதுதான். வெள்ளை மிகுந்த பூச்சு மெல்லியதாகப் படிந்த இடத்தில் நகம் தெரிகிறது. தடித்த இடம் வெள்ளையாகத் திரள்கிறது. பிரஷ் போன தடம் அப்படியே கோடாக நின்றுவிடுகிறது. "கோடு தெரிகிறதே" என்று அதே இடத்தில் மறுபடி மறுபடி இழுத்தால், பாதி உலர்ந்த பூச்சு பிரஷோடு உரிந்து வந்து நிலைமை இன்னும் மோசமாகும்.

முதலில் நிறம் பொருந்துகிறதா என்று பாருங்கள். அதற்கு நகத்தில் பூசவே வேண்டாம். ஒளி ஊடுருவும் செலோ டேப்பைத் தட்டின் மேல் ஒட்டி, அதில் இரண்டு முறை பூசி, நன்றாக உலரவிடுங்கள். அதை நகத்தின் அளவுக்கு வெட்டி மகளின் நகத்தில் ஒட்டி, ஜன்னல் ஓரம் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப் லைட்டில் இளம் ஊதா சாம்பல் பூத்தது போலத் தெரியும். அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். மாநிறக் கைகளுக்குச் சற்றே அழுத்தமான இளம் ஊதாவும், பாதாமி நிறமும் எடுப்பாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பால் கலந்தது போன்ற மிக வெளிறிய ரோஜா நிறத்தைத்தான் நான் தவிர்ப்பேன். கையைவிட நகமே தனியாக வெளுத்துத் தெரியும்.

இனிப் பூசும் முறை. பூசுவதற்கு முன் கையைத் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். நகம் நீரை உறிஞ்சி விரியும், உலரும்போது சுருங்கும். மேலே இருக்கும் பூச்சு பெயர்ந்து வரும். அசிட்டோன் (நகப்பூச்சை அழிக்கும் திரவம்) தொட்ட பஞ்சால் நகத்தை ஒருமுறை துடைத்து எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு, நிறமில்லாத அடிப்பூச்சு போடுங்கள். நிறப் பூச்சுப் பாட்டிலைக் குலுக்காமல் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள். அடியில் தங்கிய வெள்ளை கலந்துவிடும், காற்றும் உள்ளே போகாது.

பிரஷின் ஒரு பக்கத்தைப் பாட்டில் வாயில் வழித்துவிட்டு, மறுபக்கம் ஒரு சொட்டு மட்டும் இருக்கும்படி எடுங்கள். நகத்தின் அடித்தோலுக்குச் சற்று முன்னால் அந்தச் சொட்டை வைத்து, நடுவில் ஓர் இழுப்பு, இரு ஓரங்களிலும் ஒவ்வோர் இழுப்பு. அவ்வளவுதான், கையை எடுத்துவிடுங்கள். பிரஷை அழுத்தாதீர்கள், பூச்சின் மேல் மிதப்பது போல இழுக்க வேண்டும். முதல் பூச்சு பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். இங்கேதான் பலரும் மனம் தளர்ந்து இரண்டாம் பூச்சைத் தடிமனாக அப்பிவிடுகிறார்கள். குமிழி வருவதற்கு முக்கியக் காரணம் அதுதான்: மேற்பகுதி முதலில் காய்ந்து ஆடை கட்டிவிட, கீழே ஆவியாக வேண்டிய கரைப்பான் வெளியே வர வழியின்றி முட்டுகிறது. மெல்லியதாக மூன்று முறை பூசுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஐந்து நிமிடமாவது பொறுங்கள். மூன்றாவதில்தான் அந்த நிறம் உங்கள் கண்ணுக்குத் தெரியும்.

டர்பனில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கரைப்பான் ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிரும். கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் அதன் மேல் நீர் படிந்து மங்கல் விழலாம். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே வறண்ட காற்றில், ஜோஹன்னஸ்பர்க் அருகே லெனேசியாவில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. மழை பெய்யும் மாலையில் பூசாதீர்கள். வாடை போக ஜன்னல் திறந்திருக்கட்டும், ஆனால் மின்விசிறி நேராக விரலில் அடிக்கக் கூடாது. பூச்சும் அசிட்டோனும் எளிதில் தீப்பற்றுபவை. ஏற்றிய விளக்கு, கேஸ் அடுப்பு அருகே இந்த வேலையே வேண்டாம்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உலர்ந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். உள்ளே இறுகப் பல மணி நேரம் ஆகும். இரவு பூசிவிட்டு உடனே படுத்தால் காலையில் போர்வையின் நெசவு நகத்தில் பதிந்திருக்கும். விருந்துக்கு முந்தின நாள் மதியம் பூசுவதே சரி.

அதன்பின் மஞ்சளிடம் எச்சரிக்கை. மேலே பளபளப்புப் பூச்சு போட்டாலும், மஞ்சளின் நிறம் எண்ணெயில் கரைந்து அதற்குள்ளும் இறங்கும். அன்று இரவு பன்னி சௌவை (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு நிரப்பியது) கையால் பிய்த்துக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டால், மறுநாள் இளம் ஊதா நகத்தின் நுனியில் பழுப்பு மஞ்சள் தெரியும். ஆகவே அன்று ஒரு நாள் மட்டும் கரண்டி கொடுங்கள். பட்டுவிட்டால் எண்ணெயை எடுக்கும் பாத்திரம் கழுவும் சோப்பால் உடனே கழுவுங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் மங்கும் என்பதால் லேசான கறை இரண்டொரு நாளில் வெயில் பட்டுக் குறையவும் கூடும்.

நகத்தில் மருதாணிச் சிவப்பு மிச்சம் இருந்தால் அது அசிட்டோனுக்குப் போகாது; நகத்தோடு வளர்ந்துதான் வெளியேறும். கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளரும். அப்படி இருந்தால் நான்காவதாக ஒரு மெல்லிய பூச்சு தேவைப்படும். விருந்து முடிந்ததும் பூச்சைச் சுரண்டி உரிக்க விடாதீர்கள், நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வந்துவிடும். அசிட்டோனில் நனைத்த பஞ்சைச் சில நொடிகள் நகத்தில் அழுத்தி வைத்துத் துடைத்து, பிறகு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள்.