ஈகிள்ஸ் ஓ-லைன்: யாரை எடுத்தார்கள், யாரிடம் சறுக்கினார்கள்? கேள்வி பதில்

அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தை வீசும் குவாட்டர்பேக்குக்கு முன்னால் அரணாக நிற்கும் ஐந்து பேரைப் பற்றி (இவர்கள்தான் ஓ-லைன்: நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், இரு ஓரத்திலும் டாக்கிள்கள்) யாரும் அதிகம் பேசுவதில்லை. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ரசிகர்கள் மட்டும் விதிவிலக்கு, நானும் அவர்களில் ஒருவன். வந்த கேள்விகளில் பல ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்ததால் அவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: 2011 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் ரவுண்டு ரவுண்டாக முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ரவுண்டில் எடுத்த டேனி வாட்கின்ஸ் இரண்டே சீசனில் வெளியே போனார். அதே டிராஃப்டில் ஆறாம் ரவுண்டில் எடுத்த ஜேசன் கெல்சி 13 சீசன் ஆடினார். அப்படியென்றால் டிராஃப்ட் என்பதே லாட்டரிதானா?

முழுக்க அப்படிச் சொல்ல மாட்டேன். வாட்கின்ஸ் 23-வது தேர்வு. கனடாவில் தீயணைப்பு வீரராக இருந்துவிட்டு, இந்த ஆட்டத்துக்கே தாமதமாக வந்தவர். டிராஃப்ட் நாளில் அவருக்கு வயது 26. அந்த வயதில் ஒருவரை முதல் ரவுண்டில் எடுத்தால் உடனே ஆடியாக வேண்டும், கற்றுக்கொள்ளட்டும் என்று காத்திருக்க நேரம் கிடையாது. அந்தக் கணக்கை அணி சரியாகப் போடவில்லை.

கெல்சி 191-வது தேர்வு. சென்டருக்கு உடம்பு போதாது என்றுதான் மற்ற அணிகள் தயங்கின. ஆனால் அந்த ஆண்டு லைன் கோச்சாக வந்த ஹோவர்ட் மட், எடையைவிட வேகமான கால்களைத் தேடியவர். கெல்சி முதல் சீசனிலேயே 16 ஆட்டங்களிலும் ஆரம்ப சென்டராக இறங்கினார், பிறகு ஆறு முறை ஆல்-ப்ரோ (அந்த ஆண்டு லீக்கின் சிறந்த வீரர்கள் பட்டியல்) முதல் அணியில் இடம் பிடித்தார். அவரிடம் இருந்த திறமையும் கோச் கேட்டதும் ஒத்துப்போனது. வாட்கின்ஸுக்கும் அதே கோச்தான் என்பதை மறக்க வேண்டாம், அதனால் எல்லாப் பழியையும் அமைப்பின் மேல் போட முடியாது.

கேள்வி: ஆண்ட்ரே டில்லார்டை ஈகிள்ஸ் வீணடித்துவிட்டதா, அல்லது அவரே அவ்வளவுதானா?

எனக்கு அதிகம் வந்த கேள்வி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2019-ல் 25-வது இடத்திலிருந்து 22-க்கு முன்னேற நான்காம், ஆறாம் ரவுண்டு தேர்வுகளைக் கொடுத்து அவரை எடுத்தார்கள். வாஷிங்டன் ஸ்டேட்டில் அவர் ஆடியது ஏறக்குறைய எப்போதும் பந்து வீசும் ஆட்டம். பாஸ் ஆட்டத்தில் பின்னால் சரிந்து எதிராளியைத் தடுப்பதில் கால்கள் அழகு. எதிராளியை நெஞ்சில் முட்டித் தள்ளிக்கொண்டு போவதில்தான் சந்தேகம்.

அந்த ஆண்டு நவம்பரில் சியாட்டிலுக்கு எதிரான ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். வழக்கமான வலது டாக்கிள் லேன் ஜான்சன் இல்லாததால் இடது பக்க வீரரான டில்லார்டை வலது டாக்கிளாக நிறுத்தினார்கள். பின்னால் வைக்கும் கால் மாறுகிறது, முதலில் நீட்டும் கை மாறுகிறது. எல்லா அசைவும் அரை நொடி தாமதம். பாதி ஆட்டத்தில் அவரை உட்கார வைத்துவிட்டு ஹாலாபுலிவாட்டி வைட்டாயை இறக்கினார்கள். இதில் அணியின் தவறுதான் பெரிது. அடுத்த ஆண்டு பயிற்சி முகாமில் பைசெப்ஸ் கிழிந்தது, முழு சீசனும் போனது.

அதற்குள் ஜோர்டன் மைலாட்டா வந்துவிட்டார். ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடியவர், 6 அடி 8 அங்குலம், டிராஃப்டுக்கு முன் ஒரு ஃபுட்பால் ஆட்டம்கூட ஆடியதில்லை. 2018-ல் ஏழாம் ரவுண்டில் 233-வது தேர்வு. முதல் இரண்டு சீசனில் ஒரு ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. அந்த இரண்டு ஆண்டும் லைன் கோச் ஜெஃப் ஸ்டவுட்லண்ட் அவருக்கு நிற்பது எப்படி என்பதிலிருந்து கற்றுக்கொடுத்தார். 2020-ல் இறங்கினார். 2021 முகாமில் டில்லார்டோடு நேருக்கு நேர் போட்டியிட்டு இடது டாக்கிள் இடத்தை வாங்கினார்.

என் தீர்ப்பு: டில்லார்ட் மோசமான வீரர் இல்லை, ஆனால் கொடுத்த விலைக்குத் தோல்வியான தேர்வு. ஏழாம் ரவுண்டு வீரருக்கு இரண்டு வருடப் பொறுமை கிடைத்தது. முதல் ரவுண்டு வீரருக்கு அது கிடைக்கவில்லை. லைன்மேனைப் பொறுத்தவரை மூன்று சீசன் முடியும் முன் மதிப்பெண் போடக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: வின்ஸ்டன் ஜஸ்டிஸை ஞாபகம் இருக்கிறதா? அந்த ஒரு ஆட்டம் போதாதா தீர்ப்புச் சொல்ல?

போதாது. 2007 செப்டம்பர் 30, ஜயன்ட்ஸ் ஆட்டம். அவருக்கு அதுதான் முதல் முறையாக ஆரம்பத்திலிருந்து ஆடும் வாய்ப்பு. குவாட்டர்பேக் மெக்நாப் 12 முறை சாக் ஆனார் (பந்தை வீசும் முன்பே வீழ்த்தப்பட்டார்), அதில் 6 ஜஸ்டிஸ் தடுக்க வேண்டிய ஓசி உமென்யோராவுக்கு. பார்க்கவே வயிறு எரிந்தது. தனியாகத் திணறும் பையனுக்கு உதவியாக ஒரு டைட் எண்டை (லைனின் ஓரத்தில் நின்று தடுக்கவும் செய்பவர்) பக்கத்தில் நிறுத்திவைக்காமல் விட்டது யார் என்றும் கேட்க வேண்டும். அதே ஜஸ்டிஸ் 2009-ல் வலது டாக்கிளாக முழு சீசனும் ஆடினார்.

கேள்வி: லேன் ஜான்சனுக்கு 4-வது தேர்வு அதிகமில்லையா?

இல்லவே இல்லை. 2013-ல் அவருக்கு முன்னால் போன டாக்கிள்கள் எரிக் ஃபிஷரும் லூக் ஜோக்கலும். இன்று மறுபடி அந்த டிராஃப்டை நடத்தினால் மூவரில் முதலில் போகிறவர் ஜான்சன்தான்.

கேள்வி: பல அணி மாறி வந்தவர்களை நம்பலாமா? எதை வைத்து முடிவு செய்வது?

முந்தைய அணி ஏன் விட்டது என்பதுதான் முதல் கேள்வி. காயமா, காசா, இடம் பொருந்தவில்லையா, அல்லது கால்களே நின்றுவிட்டதா? முதல் மூன்றும் சரியாகக்கூடியவை. நான்காவதுக்கு மருந்தில்லை.

எவன் மேத்திஸ் கரோலினா, மயாமி, சின்சினாட்டி என்று சுற்றிவிட்டு 2011-ல் வந்தார். 2013-ல் ஆல்-ப்ரோ. ஸ்டெஃபன் விஸ்னியூஸ்கி ரெய்டர்ஸ், ஜாக்சன்வில் கடந்து வந்தவர். 2017-ல் இடது கார்டு இடம் ஆட்டம் கண்டபோது அவர் வந்து நின்ற பிறகுதான் லைன் அமைதியானது. அந்த ஆண்டு ஜேசன் பீட்டர்ஸுக்கு முழங்கால் போனதும், 164-வது தேர்வான வைட்டாய் இடது டாக்கிளில் நின்றார். அந்த லைனோடு போன சூப்பர் பௌலில் (லீக்கின் இறுதி ஆட்டம்) குவாட்டர்பேக் நிக் ஃபோல்ஸ் ஒரு முறைகூட சாக் ஆகவில்லை. விஸ்னியூஸ்கி பிறகு கான்சாஸ் சிட்டியோடும் ஒரு கோப்பை வாங்கினார்.

மெக்கை பெக்டன் இன்னும் நல்ல உதாரணம். ஜெட்ஸ் 2020-ல் 11-வதாக எடுத்த டாக்கிள். 2021 முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போனது, 2022 முழுக்க இல்லை. 2024-ல் ஓராண்டு ஒப்பந்தத்தில் ஈகிள்ஸ் எடுத்து, வலது கார்டுக்கு மாற்றியது. உள்ளே நின்றால் ஓடித் துரத்த வேண்டிய தூரம் குறைவு, அந்த உடம்பின் பலம் முழுக்க வேலைக்கு வரும். ஒரு பக்கம் ஜான்சன், மறுபக்கம் கேம் ஜர்ஜென்ஸ். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் சேக்வான் பார்க்லி 2,005 யார்டு ஓடிய சீசன் அது. கோப்பை வாங்கியதும் பெக்டனை சார்ஜர்ஸ் கூட்டிக்கொண்டது.

ஒன்றைக் கவனியுங்கள்: சுற்றிலும் நிலைத்த நான்கு பேர் இருந்தால்தான் ஐந்தாவது ஆளாக இப்படி ஒருவரை வைக்க முடியும். மூன்று இடம் காலியாக இருக்கும் அணி இதையே செய்தால் கதை கந்தல்.

கேள்வி: டிவியில் பார்த்து ஒரு லைன்மேனை எடைபோட முடியுமா அண்ணே?

முடியும் தம்பி. பந்து கிளம்பியதும் முதல் இரண்டு நொடி பந்தைப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு ஆளின் பாதங்களைப் பாருங்கள். பாதங்கள் ஒட்டிக்கொண்டாலோ, இடுப்பு வளைந்து தலை முன்னால் போனாலோ, அடுத்த நொடி தோற்கப்போகிறார். பிறகு எதிராளிகள் இருவர் குறுக்கே இடம் மாறும்போது, பக்கத்து ஆளிடம் தன் ஆளை ஒப்படைக்கிறாரா, பின்னாலேயே ஓடுகிறாரா என்று பாருங்கள். பல அணி பார்த்த வீரர்கள் இதில்தான் சம்பளத்தைச் சம்பாதிக்கிறார்கள்.

கேள்வி: ஃப்ரெட் ஜான்சன் போன்ற மாற்று வீரருக்கு ஒரு டிராஃப்ட் தேர்வைக் கொடுப்பது நியாயமா?

தாராளமாக. அவரை டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. பிட்ஸ்பர்க், சின்சினாட்டி, டாம்பா பே எல்லாம் பார்த்தவர். 2024-ல் மைலாட்டா காயத்தில் இருந்தபோது இடது டாக்கிளில் நின்றார். ஜாக்சன்வில்லுக்குப் போனவரை 2025 ஆகஸ்டில் ஏழாம் ரவுண்டு தேர்வு ஒன்றைக் கொடுத்துத் திரும்ப அழைத்தார்கள். இரண்டு டாக்கிள் இடத்திலும் நிற்கத் தெரிந்த, அந்த லைனின் சொற்கள் ஏற்கெனவே பழகிய ஒருவர் அந்த விலைக்கு வேறெங்கும் கிடைக்கமாட்டார்.